நாலு வருடம் தாமதமான சடங்கு

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள், "ஏய், பஸ் ஸ்டாப்புல நின்ன உன் ப்ளெக்ஸ் ஞாபகம் இருக்கா?" என்று. அதற்குக் கீழே கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரித்தவர்கள் எல்லாரும் படியுங்கள்.

ஞாபகம் இருக்கிறது. பல்லடம் ரோட்டில், டீக்கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே, இரண்டு சவுக்குக் கம்பில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். என் தலைக்குப் பின்னால் ஒரு தாமரை. இரண்டு பக்கமும் மயில். மேலே "பூப்புனித நீராட்டு விழா" என்று ரோஜா நிறத்தில். கீழே மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் தாய்மாமன் மகன். அந்த முகம், என் முகம், எதற்கு எடுத்த போட்டோ தெரியுமா? பொறியியல் கவுன்சிலிங் விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு எடுத்தது. இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் முடியை ஒதுக்கிவிட்டு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை ஊதிப் பெரிதாக்கி, பட்டுப்புடவை கட்டிய எவளோ ஒருத்தியின் கழுத்துக்கு மேல் ஒட்டிவிட்டார்கள்.

நீங்கள் சிரித்தது மயிலுக்காக இல்லை. எட்டாம் வகுப்பில் நான் சில நாள் லீவு போட்டதும், திரும்பி வந்தபோது உங்களில் இரண்டு பேர் காதோடு காது வைத்து விசாரித்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்கு நாலு வருடம் கழித்து, ப்ளஸ் டூ முடித்தவளுக்குச் சடங்கா என்று சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஏன் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, போன வாரமும் கேட்கவில்லை.

எங்கள் லைன் வீட்டுக்கு உங்களில் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். ஒரே சுவரில் பதினொரு கதவு, ஒரு தண்ணீர்க் குழாய். எனக்கு ஆறு வயதில் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா செக்கிங், தைத்து வந்த துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிசிறு வெட்டுகிற வேலை. சாயங்காலம் அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் நூலைப் பார்த்தே கம்பெனியில் இன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடுவேன். அம்மாவின் முன்முடி பஞ்சு படிந்து வெள்ளையாக இருக்கும். தலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அவள் பிசிறு வெட்டும் கத்தரி, கைப்பிடி இல்லாமல் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கத்தரி, எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும். என் பென்சிலையும் அதாலேயே சீவித் தருவாள்.

எனக்கு மார்க் வந்தது. எவ்வளவு என்று எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் சென்னை போனோம். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில், நான் கேட்ட பிரிவில் இடம் கிடைத்தது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். திரும்பி வரும் ரயிலில் அந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தை அப்பா மூன்று தடவை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதில் என் பேர் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

கல்லூரி திறக்கிற புதன்கிழமை முதல் வருடக் கட்டணத்தை டி.டி.யாகக் கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் இடம் போய்விடும். நடுவில் இருந்தது ஐந்து வாரம்.

வங்கியில் ஜாமீன் இல்லாமல் படிப்புக்குக் கடன் தருகிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. அந்தச் செய்தியைக் கத்தரித்து நீலப் பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் ஃபைலை முழுசாகப் புரட்டிப் பார்த்தார். மார்க் பட்டியலைப் பார்த்து, "வெரி குட்மா" என்றுகூடச் சொன்னார். ரேஷன் கார்டு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"கார்டு ஆண்டிபட்டி அட்ரஸ்ல இருக்கே. அது எங்க ஏரியா இல்லீங்க. உங்க ஊர்க் கிளையிலதான் கேக்கணும்."

"பதினோரு வருசமா இங்கதாங்க சார் இருக்கோம்" என்றார் அப்பா. அவர் அதற்குள் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடப் பழகியிருந்தார்.

"இருக்கீங்க. ஆனா கார்டுல இல்லீங்களே."

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆண்டிபட்டிக்குப் போனோம். அங்கிருந்த மேனேஜர் அதே கார்டைப் பார்த்துச் சிரித்தார். "கார்டு இங்கிட்டு இருக்கு, ஆளு அங்கிட்டு இருக்கீக. நாளைக்கு நீங்க கட்டலைண்டா வசூலுக்கு நான் திருப்பூருக்கா வர?"

நான் எங்கே வசிக்கிறேன் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். மறுபடியும் திருப்பூர் வங்கி. இந்தத் தடவை, அப்பாவின் சம்பளச் சான்று இருந்தால் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார்கள். முதலாளியிடம் போனோம். அவர் எழுந்து நின்று எங்களுக்கு நாற்காலி காட்டினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பேரு நம்ம ரிஜிஸ்டர்லயே இல்லீங்களே. நீங்க கான்ட்ராக்ட்காரர் ஆளுங்க. நான் எப்படீங்க லெட்டர் தர்றது?" பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா ப்ளஸ் டூ முடிச்சிருச்சுங்களா? செக்கிங்குக்கு வரச் சொல்லுங்க. நாளைக்கே வேலை."

பதினொரு வருடம் அந்தக் கம்பெனியின் ஒரே மிஷினில் உட்கார்ந்தவர் என் அப்பா. அந்த மிஷினின் மிதி அவர் காலுக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. அந்த ஆள் அங்கே இல்லவே இல்லை என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். வாசலுக்கு வந்ததும், "பாத்தியா, நல்ல மனுசன். உக்காரச் சொன்னாரு" என்றார் அப்பா. நான் அவர் கூட நடக்கவில்லை. பத்தடி தள்ளியே வீடு வரைக்கும் போனேன்.

அன்றைக்கு அப்பாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். வீடு கட்டக் காசு வேண்டுமா, காதுகுத்து வைப்பார்கள். கடை வைக்கக் காசு வேண்டுமா, மொட்டை போட்டுக் கெடா வெட்டுவார்கள். விருந்து போட்டால் மொய் வரும். நாம் முன்பு மற்றவர்களுக்குச் செய்தது திரும்பி வரும். எங்கள் வீட்டில் காது குத்த ஆள் இல்லை. மிச்சம் இருந்த விசேஷம் ஒன்றுதான். எனக்குச் சடங்கு வைக்கவில்லை. எட்டாம் வகுப்பில், கையில் காசில்லாத ஒரு மழைக்காலத்தில், லைன் வீட்டுப் பின்பக்கம் மூன்று பெண்கள் எனக்குத் தண்ணீர் ஊற்றியதோடு முடிந்திருந்தது.

"புள்ளைக்குச் சடங்கு வைப்போம்" என்றார் அப்பா.

"எப்பவோ முடிஞ்சதை இப்ப எதுக்கு?" என்று நான் கத்தினேன். "வேணும்னா, படிப்புக்குன்னு கார்டு அடிங்க. 'எங்கள் மகள் இன்ஜினியரிங் சேர்கிறாள், வாழ்த்த வாருங்கள்'னு போடுங்க. அப்படி அடிச்சா நானே ஊர் ஊரா எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "படிப்புக்குண்டு கார்டு அடிச்சா எவென் வருவான்?"

"ஏன் வர மாட்டாங்க?"

"வர மாட்டாங்கெ. கூறு கெட்டவளே, பொட்டப்புள்ள பெரிய மனுசியானதுக்குத்தேன் வருவாங்கெ. பெரிய மனுசியா ஆகப் போறதுக்கு எவனும் வர மாட்டான்."

அன்றைக்கு அம்மா மேல் வந்த ஆத்திரம் பெரிது. ஆனால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் ராப்பகலாகப் படித்து வாங்கிய மார்க்குக்கு ஒருவரும் ஐநூறு ரூபாய் எடுத்து நீட்டவில்லை. என் முயற்சி எதுவுமே இல்லாமல், தானாக, என் உடம்பில் எப்போதோ நடந்த ஒன்றுக்கு முந்நூறு பேர் பஸ் பிடித்து வரத் தயாராக இருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம் என்று அப்போது நினைத்தேன். அம்மா தன் அண்ணனுக்குப் போன் போட, மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். நம்பர் அழுத்துவதற்கு நான் வேண்டும். அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே சின்ன மின்விசிறி. கதவு சரியாகச் சாத்தாது. பேசுவது எல்லாம் கேட்கும்.

"சீர்த்தட்டு வேணாம்ணே. முப்பத்தொரு தட்டு தூக்கியாந்து எங்க வைக்க? இருக்கிறது ஒத்த ரூமு. ஏனம் வேணாம், பீரோ வேணாம். கழுத்துக்குப் போடு. கனமாப் போடு." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமாண்ணே. ஒன் வீட்டுக்கு வர்ற புள்ளதேன். நான் இல்லைண்டா சொன்னேன்?"

எங்களில் தாய்மாமன் போடும் சங்கிலிக்கு அர்த்தம் உண்டு. அதை ஊர் முன்னால் வாங்கிக்கொண்டால் அவர் மகனுக்கு உரிமை. அம்மா என்னை விற்றுவிட்டாள், அதுவும் எடை கேட்டு விற்றுவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அந்தப் பூத்திலிருந்து வீடு வந்ததிலிருந்து சடங்கு நாள் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. தட்டில் சோறு வைத்தால் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

ப்ளெக்ஸ் மாமா செலவு. என் போட்டோவைக் கேட்டு அப்பா அந்த நீல ஃபைலைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகள் லீவு விட்டிருக்கும் நாளில், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபத்தில். மைக் செட் காலை ஆறு மணிக்கே அலறத் தொடங்கியது. என்னை ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சந்தனமும் மட்டன் பிரியாணியும் செண்டும் கலந்த அந்த வாசனையை நான் இன்றைக்கும் எந்த மண்டபத்தில் முகர்ந்தாலும் எழுந்து போய்விடுவேன். கழுத்தில் மூன்று மாலை. குனிந்தால் தாடையில் ரோஜாக் காம்பு குத்தும். நிமிர்ந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

முதலாளி வந்தார். ரிஜிஸ்டரில் இல்லாத ஆளின் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளை வேட்டி கட்டி வந்தார். கவர் கொடுத்தார். மைக்கில் அவர் பெயரை இரண்டு முறை சொன்னார்கள். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட முடியாத கை, கவரை மட்டும் அவ்வளவு சுலபமாக நீட்டியது. அப்பா கும்பிட்டார்.

எங்கள் வீட்டுக்காரம்மா, அதுதான், லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா, எனக்குச் சந்தனம் வைக்க வந்தவர் கொஞ்சம் சத்தமாகவே, "நாலு வருசங் கழிச்சுச் சீரு செய்யறதை நான் இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு கன்னத்தில் பூசுகிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பீசு கட்டறதுக்குத்தானே கண்ணு? எனக்குத் தெரியுமல்லோ. அழுவாத உக்காரு. படிச்சுப் போட்டு இவீகளை எல்லாம் ஒரு பார்வை பாரு" என்றார். அந்த மண்டபத்தில் உண்மை பேசியது அவர் ஒருத்தர்தான்.

கடைசியாக மாமா. மேளத்தோடு வந்தார். சங்கிலியை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டு என் கழுத்தில் போட்டார். கனமாகத்தான் இருந்தது. "காலேசு கீலேசுண்டு பேச்சு அடிபடுது. அதெல்லாம் வேணாம்த்தா. நம்ம வீட்டுக்கு வந்து ஒக்காரு" என்றார். அவர் மகன் பின்னால் நின்று செல்போனில் என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அண்ணனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் மூன்று பேர் வந்திருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனீர்கள். அதையும் பார்த்தேன்.

அப்பாவின் கணக்கு எங்கே பிசகியது என்றால், அது ஊரில் கொல்லையில் பந்தல் போட்டு வைக்கிற விசேஷத்துக்கான கணக்கு. திருப்பூரில் மண்டபத்துக்கு வாடகை, சமையலுக்கு ஆள், கறிக்கு டவுன் விலை. வந்ததில் பெரும்பகுதியை விருந்தே தின்றுவிட்டது. மிஞ்சியது பாதிக் கட்டணத்துக்குக் காணாது.

திங்கட்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பதினொரு வீட்டுக் குடமும் வரிசையில் நின்றன. அம்மா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா படியில் உட்கார்ந்து, "இந்த வருசம் செக்கிங் போகட்டும். அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மா குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கழுத்தில கெடக்கிறதைக் கழட்டு" என்றாள் என்னிடம்.

அப்பா எழுந்துவிட்டார். "அடியே, அது ஒங்கண்ணன் போட்டது. ஒறவே அத்துப் போகும்."

"புள்ளைக்குத்தானே போட்டான்? புள்ளையோடது. புள்ள பீசு கட்டிக்குது." குடம் நிரம்பிவிட்டது. தூக்கி இடுப்பில் வைத்தாள். "போனாப் போகட்டும்."

அடகுக் கடையில், யார் பேரில் சீட்டு என்று கேட்டார்கள். "இவ பேருல போடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் கைநாட்டுதேன். இவதேன் கையெழுத்துப் போடுவா" என்றாள் அம்மா. அதில் ஒரு பெருமை இருந்தது, எனக்கும் இருந்தது. என் முழுப் பெயரை இன்ஷியலோடு, சுழித்து, அழகாகப் போட்டேன்.

அங்கிருந்து நேராக வங்கிக்கு. எந்த வங்கி எனக்குக் கடன் தரவில்லையோ அதே வங்கி, கமிஷன் பிடித்துக்கொண்டு டி.டி. கொடுத்தது. அதற்கு ரேஷன் கார்டு கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா பூத்தில் நின்றாள். நான் நம்பரை அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "அண்ணே, சங்கிலிய அடகு வச்சுட்டேன். பீசு கட்ட. அவ படிக்கட்டும்ணே. அவளை நம்பி ஒன் மவனை உக்கார வைக்காத." அவ்வளவுதான் அவள் பேசியது. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. கடைசியில், "சரிண்ணே" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டி.டி.யை மடிக்காமல் கொண்டு போவது எப்படி என்பதில்தான் என் கவனம் இருந்தது.

சீர்த்தட்டு வேண்டாம், கழுத்துக்குப் போடு, கனமாகப் போடு என்று அவள் சொன்னது எதற்கு என்று எனக்குப் புரியக் கல்லூரியில் ஒரு வருடம் ஆனது. ஒருநாள் வகுப்பின் நடுவில், சம்பந்தமே இல்லாமல் புரிந்தது. பீரோவை அடகு வைக்க முடியாது. விருந்தில் காசு மிஞ்சாது என்று அப்பாவுக்குத் தெரியாதது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டே போட்ட திட்டம். அவளோடுதான் நான் பேசாமல் இருந்தேன்.

மாமாவை ஏமாற்றினோமா என்றால், ஏமாற்றினோம். மறைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் கூடப் பிறந்தவனை ஏமாற்றித்தான் மகளைப் படிக்க வைக்க முடியும் என்ற நிலையில் அவளைக் கொண்டு நிறுத்தியவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தவர்கள். "வெரி குட்மா" என்றவர்கள். அவர்களில் ஒருவருக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்த மூன்று வருடக் கட்டணத்துக்கு அப்பாவும் அம்மாவும் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள். சங்கிலியை மீட்கவே முடியவில்லை. கடைசி வருடத்தில், ஏலம் விடப் போகிறோம் என்று என் பேருக்கு அடகுக் கடையிலிருந்து ஒரு கார்டு வந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு எனக்கு வந்த முதல் தபால் அது.

நாலு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை; ரிஜிஸ்டரில் இல்லாதவர். ஆண்டிபட்டிக்குக் கொண்டு போனோம். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் கொண்டு வந்து போர்த்த வேண்டும். மாமா உயிரோடுதான் இருந்தார். மூன்று தெரு தள்ளி, வீட்டுக்குள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லாரும் தெரு முனையைப் பார்த்தார்கள். நான் காரை எடுத்துப் போய் ஒரு சேலை வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கூட்டத்தில் ஒரு கிழவி கேட்டாள், "என்னடி, பொறந்த வீட்டுக் கோடி வல்லையா?"

அம்மா என்னைக் கையால் காட்டினாள். "எனக்கு வர வேண்டிய கோடியத்தேன் இவ படிச்சு முடிச்சிட்டாளே. இனி எங்கிட்டிருந்து வரும்? தூக்கச் சொல்லுங்க."